அக்கா சாவுக்குத் தம்பி படம்

எழுத்தரம்மா தன் கணவனின் முகத்தைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டிருந்தாள்.

முகம் லேசில் வரவில்லை. அச்சகக்காரர் பசையில் கஞ்சத்தனம் காட்டாத மனிதர். நெற்றி ஒரு துண்டாக வந்தது, மூக்கு வந்தது, மீசையில் பாதி வந்தது. கண்கள் மட்டும் சுவரிலேயே நின்று அவளைப் பார்த்தன. கீழே 'எங்கள் குடும்ப விளக்கு அணைந்தது' என்ற வரியும் வர மாட்டேன் என்றது. அந்தக் குடும்ப விளக்கோ அந்நேரம் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் தன் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தது.

செத்தது அவர் இல்லை, அவருடைய அக்கா.

பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறவள் எழுத்தரம்மா. பிழை வந்தால் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவது அவளுக்குப் பழக்கம். ஆனால் தெருவில் நாற்பது இடத்தில் ஒட்டிய பிழையை எப்படிக் கிழிப்பது? ஒன்பதாவது சுவரிலேயே வலது தோள் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது.

நடந்தது இதுதான். அவள் கணவருக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, எல்லாம் அளந்து வெட்டிக் கொடுப்பார். அவர் போட்ட கோட்டிலிருந்து கண்ணாடி ஒரு நூல் பிசகாமல் பிரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் ஆறடிக் கண்ணாடியின் முன் நின்றபோது நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, செத்தேன் என்று உட்கார்ந்துவிட்டார். அக்காதான் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனார். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல். நல்ல செய்தி கேட்டு ஒரு மனிதர் அவ்வளவு ஏமாந்துபோய் இந்தத் தெருவில் நாங்கள் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு பதினொரு தடவை. தெரு அவருக்கு 'ஈசிஜி' என்று பெயர் வைத்தது. கடைக்குப் போனால் வருகிறது என்று கடையை விட்டார். பஸ்ஸில் ஏறினால் வருகிறது என்று பஸ்ஸை விட்டார். கூட்டத்தை விட்டார், கல்யாணங்களை விட்டார், கடைசியில் அவருக்கு மிஞ்சியது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுதான். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் அதை வாயு, கேஸ் என்றார். அவரிடம் எந்த வியாதியைக் கொண்டுபோனாலும் கேஸ்தான். கால் ஆணிக்கே கேஸ் என்றவர்.

எட்டாவது தடவை மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில்தான் கண்ணாடிக்காரர் தன் பால்ய சிநேகிதரான அச்சகக்காரரிடம் இறங்கினார். நல்ல படமாக ஒன்றைக் கொடுத்தார். வாசகத்தைத் தானே எழுதினார்: 'பாசமிகு தம்பி, பண்பின் சிகரம், கண்ணாடி போன்ற உள்ளம்.' தேதியை மட்டும் காலியாக விடச் சொன்னார்.

"வீட்லேந்து போன் வந்ததும் அடிச்சு ஒட்டிடு. எதுவும் கேட்காதே. பாவம், அவங்க அழுதுக்கிட்டு இருப்பாங்க."

நேற்று மாலை அக்கா போனதும், எழுத்தரம்மாவின் தம்பி அச்சகத்துக்குப் போன் செய்து, "அண்ணே, வீட்ல துக்கம், நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குறோம், நோட்டீஸ்..." என்பதற்குள் அந்தப் பக்கம் ஓவென்று அழுகை. "தெரியும் தம்பி, எல்லாம் ரெடியா இருக்கு. நீ ஒண்ணும் பேசாதே." போன் வைக்கப்பட்டது. சொன்ன சொல் தவறாதவர் அச்சகக்காரர். எதுவும் கேட்கவில்லை.

சுரண்டுவதை விட்டுவிட்டு எழுத்தரம்மா வீடு திரும்பியபோது வாசலில் ரகளை தொடங்கியிருந்தது. பேக்கரிக்காரர் மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வந்து, நாற்காலியில் இருந்தவரிடமே, "அண்ணனை எங்கே வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா" என்றார் அவர்.

அவள் போட்ட கூச்சலில் மருந்துக்கடைக்காரர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். பின்னாலேயே அச்சகக்காரர் கண் சிவந்து, பெரிய மலர்வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். நண்பரைப் பார்த்ததும் நின்றார். மலர்வளையம் மெல்ல முழங்கைக்கு இறங்கியது.

"பாவி, உசுரோடயா இருக்கே? அப்போ விடிய விடிய நான் யாருக்கு அழுதேன்?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்காதேன்னு நீதானேடா சொன்னே!"

வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சிலர் உயிரோடு இருப்பவரைப் பார்த்து நிம்மதியானார்கள். சிலர் அதிலும் கொஞ்சம் ஏமாந்ததை மறைக்கத் தெரியாமல் விழித்தார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியும் நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டீங்க" என்றார். எல்லோரும் அவரிடமே பேசினார்கள். எப்படி இருக்கு, இப்போ நெஞ்சு எப்படி, போன தடவை டாக்டர் என்ன சொன்னார். விசாரித்து முடித்த பிறகுதான், "ஆமா, அப்போ யாரு?" என்று கேட்டார்கள்.

உள்ளே கூடத்தில் அக்கா படுத்திருந்தார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் காதில் கருவி மாட்டிக்கொண்டிருந்தவர். தெருவில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை எல்லாம் தெரிந்தவர். ஒன்றைக்கூட வெளியே விட மாட்டார். எங்களுக்கு அவர் மேல் இருந்த ஒரே வருத்தம் அதுதான். தலைமாட்டில் எழுத்தரம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

நேற்றுக் காலை இதே கூடத்தில்தான். அக்காவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. இடது தோளைப் பிசைந்துகொண்டு, "என்னமோ ஒரு மாதிரி இழுக்குது" என்றார்.

"டாக்டர்கிட்ட காட்டலாமா அண்ணி?"

"இந்த வீட்ல பேஷன்ட் வேலைக்கு ஆள் எடுத்தாச்சு. இப்போதைக்குக் காலியிடம் இல்லை."

எழுத்தரம்மா சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். மத்தியானம் கணவருக்குப் பன்னிரண்டாவது தடவையாக வந்தபோது, எப்போதும் முதல் ஆளாக ஆட்டோவுக்கு ஓடும் அக்கா, "இன்னைக்கு நீ கூட்டிட்டுப் போ, நான் கொஞ்சம் சாயறேன்" என்றார். அவளும் கணவரும் நார்மல் ஈசிஜியோடு திரும்பி வந்தபோது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தார்.

கணவர் உள்ளே வந்து அவள் பக்கத்தில் நின்றார். வாசல் கூட்டம் ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பார்த்தியா? அவ சாவையும் நானே எடுத்துக்கிட்டேன்" என்றார்.

அவள் போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"மூணு வருஷம் அவதான் என்கூட வண்டியில வந்தா. இன்னைக்கு அவகூட நான் போகணும். கடைசி வரைக்கும். நடுவுல இறங்கிட்டேன்னா..." அவர் முடிக்கவில்லை. ஆனால் விரல்கள் தாமாகவே நாடிக்குப் போய்விட்டன.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. பின்பக்கம் இரண்டு நீளப் பெஞ்சு, நடுவில் அக்காவுக்கு இடம், சின்ன ஜன்னல் ஒன்று. எழுத்தரம்மாவின் தம்பியும் அச்சகக்காரரும் மற்ற இருவரும் தூக்கி வைத்தார்கள். கண்ணாடிக்காரர் படியில் வலது காலை வைத்தார். இடது கால் வரவில்லை. முகம் சுண்ணாம்பானது. மூச்சு மேலும் கீழும் விழுந்தடித்து ஓடியது.

"வந்துடுச்சு" என்றார்.

தெரு வேலையில் இறங்கியது. சோடா என்றது ஒரு குரல். சர்க்கரைத் தண்ணீர் என்றது இன்னொன்று. "சட்டையைக் கழட்டுங்க!" "வேணாம், போர்த்துங்க!" மருந்துக்கடைக்காரர் இரண்டு விரலை உயர்த்தி, "ரெண்டு ஏப்பம் விட்டா சரியாயிடும், ஏப்பம் விடுங்க சார், ஏப்பம்!" என்று கட்டளையிட்டார். வண்டி ஓட்டுநர் தலையை நீட்டி, "ரெண்டு பேரை ஏத்தணும்னா முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டுதான் அவசரப் பிரிவு சிஸ்டர் வந்தார். வெள்ளைச் சீருடை, கையில் ஒரு கொத்துப் பூ. வேலை முடிந்து வரும் வழியில் மருத்துவமனைச் சுவரில் நோட்டீஸைப் பார்த்திருக்கிறார். எப்போதும் வருகிற ஆளாயிற்றே, மரியாதை செய்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். நோட்டீஸில் இருந்தவர் படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்ததும் பூவைப் பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரரின் உயர்ந்த கையில் திணித்தார்.

"என்ன சார், செத்த பிறகும் விட மாட்டேங்குதா?"

"சிஸ்டர், இந்தத் தடவை நிஜமாவே..."

"ஒவ்வொரு தடவையும் இதேதான் சொன்னீங்க." சிஸ்டர் அவர் எதிரே குந்தி உட்கார்ந்து நாடியைப் பார்த்தார். "நெஞ்சுல வலி இருக்கா? நேத்து எடுத்த ஈசிஜி, ரத்தம்?"

"வலி இல்லை. படபடப்புதான். ரெண்டும் நார்மல்" என்றாள் எழுத்தரம்மா.

"ரெண்டு காலையும் தரையில வைங்க சார். மூச்சை இழுக்காதீங்க, விடுங்க. இழுக்கிறதைவிட விடுறது நீளமா இருக்கட்டும். அவ்ளோதான். இது உச்சத்துக்குப் போகும், பத்து நிமிஷத்துல தானா இறங்கும். சாக மாட்டீங்க. சாகுற மாதிரி இருக்கும், அது வேற."

"கேஸ்தானே சிஸ்டர்?" என்றார் மருந்துக்கடைக்காரர் பூக்கொத்தோடு.

"கேஸும் இல்லை, நடிப்பும் இல்லை. பேனிக் அட்டாக், திடீர்னு உடம்பைப் பிடிக்கிற பயம். அடிக்கடி வந்து, வந்துடுமோங்கிற பயத்துலயே கடை, பஸ் எல்லாத்தையும் விட்டுட்டு ஒருத்தர் வீட்டோட முடங்கினா அது ஒரு வியாதி. சர்க்கரை, பிரஷர் மாதிரி. மருந்து இருக்கு, உட்கார்ந்து பேசிச் சரிபண்ற சிகிச்சை இருக்கு. முக்கால்வாசிப் பேர் நல்லாயிடுறாங்க." சிஸ்டர் எழுத்தரம்மாவின் பக்கம் திரும்பினார். "ஏழு மாசம் முன்னாடி டாக்டர் சீட்டு எழுதினாரே, பதினாலாம் நம்பர் ரூமுக்கு. போனீங்களா?"

தெரு மூச்சுவிடுவதை நிறுத்தியது. பதினாலாம் நம்பர் எதுவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வாசலில் யாராவது நின்றால் அவர்கள் வீடு வந்து சேரும் முன்னே செய்தி வந்து சேரும். சேர்க்கிறவர்கள் நாங்கள்தான்.

எழுத்தரம்மா கூட்டத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியைகூட ஒரு ஓரத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தார்.

"போகலை" என்றாள். "சீட்டை நான் அவருகிட்ட காட்டவே இல்லை."

கண்ணாடிக்காரர் தலையைத் தூக்கினார். "அந்தச் சீட்டு விட்டமினுக்குன்னு சொன்னியே?"

"விட்டமின் இல்லைங்க. மனநல டாக்டர். தெருவுல என்ன பேசுவாங்களோன்னு நான்தான் மறைச்சுட்டேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். காட்டு காட்டுன்னு என் உயிரை எடுத்தாங்க."

அவர் வண்டிக்குள் போர்வைக்கு வெளியே தெரிந்த அக்காவின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு நீளமாக வெளியே வந்தது. இன்னும் ஒன்று.

அதற்குள் மருந்துக்கடைக்காரர் சிஸ்டரின் காதருகே குனிந்தார். "ஒரு சந்தேகம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். மூணு மாசமா தூக்கமே இல்லை. கடையில உட்கார்ந்தா காரணமில்லாம அழுகை வருது. அதுவும் பதினாலுதானா?"

"தெரிஞ்சவர் நல்லாச் சாப்பிடுறாரா?"

"எங்க சாப்பிடுறேன்... சாப்பிடுறார்."

"ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், சாப்பாடு, வேலை கெட்டுப்போனா, பிடிச்சது எதுவும் பிடிக்காமப் போனா வரச் சொல்லுங்க. இருந்து என்னன்னு ஒரு நினைப்பு வந்தா ரெண்டு வாரமெல்லாம் பார்க்க வேணாம். அன்னைக்கே, யாரையாவது கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். அவர் நகர்ந்த இடத்துக்குப் பேக்கரிக்காரர் மனைவி வந்தாள். "என் நாத்தனாருக்கு, சிஸ்டர், அடுப்பை அணைச்சோமான்னு இருபது தடவை..." அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், தற்செயலாக நிற்பதுபோல. ஓட்டுநர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியிருக்காவிட்டால் அக்காவின் கடைசிப் பயணம் வெளிநோயாளர் பிரிவாகவே முடிந்திருக்கும்.

"அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று சிஸ்டர் வண்டியைக் காட்டி எழுத்தரம்மாவிடம் கேட்டார்.

"காலையிலேந்து தோள் இழுக்குதுன்னாங்க. வேர்த்துச்சு. சாய்ஞ்சுக்கிறேன்னாங்க."

சிஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், இன்னும் நடுங்குது. நடுங்கிக்கிட்டே போலாமா?"

"நடுங்கிக்கிட்டே போலாம் சார்."

அவர் ஏறினார். அச்சகக்காரர் மலர்வளையத்தோடு ஏறி எதிரே உட்கார்ந்தார். எழுத்தரம்மா கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவு சாத்தியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, அக்காவின் கால் கட்டைவிரலைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முதல் திருப்பத்தில் "நிறுத்துங்க" என்று அவர் சொல்வாரென அவள் எதிர்பார்த்தாள். சொல்லவில்லை. இரண்டாவது திருப்பத்தில் வாயைத் திறந்தார்.

"டேய், அந்த நோட்டீஸ்ல கண்ணாடி போன்ற உள்ளம்னு போட்டது கொஞ்சம் ஓவர்டா."

"நீ எழுதினதுல கம்மியானது அதுதான்" என்றார் அச்சகக்காரர் மூக்கை உறிஞ்சியபடி.

மயானத்தில் முடியும்வரை நின்றார். இரண்டு தடவை ஓரமாகப் போய்க் குந்தினார், இரண்டு தடவையும் திரும்பி வந்தார். கடைசிப் பிடி மண்ணை அவர்தான் போட்டார்.

மறுநாள் காலை இருவரும் பதினாலாம் நம்பருக்குக் கிளம்பினார்கள். எழுத்தரம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பைத் தூக்கிய கை பாதியில் நின்றது.

"என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லை, தோள் பிடிச்சுக்கிச்சு."

"எந்தத் தோள்?"

"வலது. நேத்து சுரண்டினதுல..."

"எப்போலேந்து? வேர்க்குதா? தாடைக்கு ஏறுதா? மூச்சு வாங்குதா?" இந்தக் கேள்விகளை மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். கேட்கப்படும் இடத்திலேயே இருந்தவர், கேட்கும் இடத்துக்கு வந்தது அன்றுதான். அவள் சிரிக்கலாம் என்று பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"ஒண்ணும் இருக்காதுங்க."

"இருக்காது. இருந்தாலும் மொதல்ல அதைப் பார்த்துட்டுத்தான் மத்தது."

ஈசிஜி அறை பதினாலாம் நம்பருக்கு நேர் எதிரே இருந்தது. வாசலில் நின்று அவர் வகுப்பெடுத்தார். "பசை மாதிரி ஒண்ணு தடவுவாங்க, சில்லுனு இருக்கும். கையை இறுக்காதே, கோடு ஆடும். பேசாதே. மேல கூரையைப் பாரு, பல்லி ஒண்ணு இருக்கும்."

"வளையல் எல்லாம் கழட்டிடுங்கம்மா" என்றாள் உள்ளே இருந்த பெண்.

பச்சைக் கண்ணாடி வளையல்கள், கைக்கு ஆறு. அவள் கழற்றிக் கொடுத்தாள். அவர் அவற்றைச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்தார், மனம் வரவில்லை. கண்ணாடியாயிற்றே. ஒன்றோடொன்று மோதி விரிசல் விட்டால் என்ன செய்வது? நாற்காலியில் வைத்தால் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொன்றாகத் தன் வலது கையிலேயே மாட்டிக்கொண்டார். அவருடையது மெலிந்த கை, பன்னிரண்டும் ஏறின.

பல்லி இருந்தது. கோடுகள் ஆடாமல் வந்தன. "டாக்டர் ஒரு தடவை பார்ப்பாரும்மா. எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமில்லை" என்றாள் அந்தப் பெண்.

எழுத்தரம்மா வெளியே வந்தபோது அவர் நின்ற இடம் காலியாக இருந்தது. எதிரே பதினாலாம் நம்பர் கதவு அப்போதுதான் சாத்திக்கொண்டது. சாத்துவதற்குள், உள்ளே போகும் முதுகையும் கூடவே பச்சையாக ஒரு கையையும் பார்த்தாள். கூப்பிடலாமா என்று நினைத்தாள். டாக்டர் என்ன நினைப்பார்? பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பேர் அவளைப் பார்த்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த ஐந்தாவது இடத்தில் உட்கார்ந்தாள்.

உள்ளே வளையல்கள் குலுங்கின. கையை வீசி வீசி அவர் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சத்தம் நின்றது. வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. அவள் தன் வெறும் மணிக்கட்டைத் தடவியபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரே ஒரு வளையல் அசைந்த மாதிரி, மெல்லிதாக, மறுபடியும் கேட்டது.